பாரீஸ் முதல் ரோம் வரை ரயிலில்: யூரேல் பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

கேள்வி: வரும் ஜூன் மாதம் நானும் கணவரும் 16 இரவுகள் ஐரோப்பா போகிறோம். பாரீஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், சூரிச், வியன்னா, வெனிஸ், ஃப்ளாரன்ஸ், ரோம் என்று எல்லாவற்றையும் ரயிலிலேயே போய்ப் பார்க்க ஆசை. பாரீஸுக்குப் போகவர விமான டிக்கெட் பார்த்து வைத்திருக்கிறோம், இன்னும் எடுக்கவில்லை. விசாவும் எடுக்கவில்லை. பல நாட்டு ரயில்களுக்கும் ஒரே சீட்டான யூரேல் பாஸ் வாங்குவதா, ஊருக்கு ஊர் டிக்கெட் எடுப்பதா? (கோவை வாசகி)

பதில்: உங்களுக்குத் தனித்தனி டிக்கெட்தான் சரி. ஆனால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசை தவறினால் அந்த லாபம் போய்விடும்.

காலையில் எழுந்து இன்றைக்கு எங்கே போகலாம் என்று முடிவு செய்யலாம், அதுதான் யூரேல் பாஸின் பலம். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு அந்தச் சுதந்திரம் பாதிதான் கிடைக்கும். ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா மனுவிலேயே எந்த ஊரில் எத்தனை இரவு, எந்த ஹோட்டல் என்று தேதிவாரியாக எழுதிக் கொடுத்துவிடுகிறோம். தேதி முடிவான பிறகு, மாதக்கணக்கில் முன்கூட்டி எடுக்கும் சலுகை டிக்கெட்டே பெரும்பாலும் மலிவு. அதுவும் போக, பாஸ் இருந்தாலும் பாரீஸ்–ஆம்ஸ்டர்டாம் ஓடும் யூரோஸ்டார் ரயிலிலும் இத்தாலியின் அதிவேக ரயில்களிலும் இருக்கைக்கு ரிசர்வேஷன் கட்டாயம், அதற்குத் தனிக் கட்டணம். யூரோஸ்டாரில் பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடங்களும் குறைவு, கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். மே மாதம்தான் டிக்கெட் எடுக்க உட்காரப் போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். அப்போது சலுகை விலைகள் போயிருக்கும், பாஸ் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சலுகை டிக்கெட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றை ரத்து செய்தால் பணம் வராது. விசா கையில் வருமுன் அவற்றை எடுக்காதீர்கள். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே மனு செய்யலாம். அதனால் ஜனவரி, பிப்ரவரியிலேயே ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் பதிவுகளை வைத்து மனு செய்துவிடுங்கள். விசா வந்த அன்றே ரயில் டிக்கெட்டுகளை எடுங்கள், முதலில் யூரோஸ்டார், பிறகு மற்றவை.

இப்போது வழித்தடம். சூரிச்சை விட்டுவிடுங்கள். பிராக்கிலிருந்து மேற்கே போய் மறுபடி கிழக்கே வியன்னாவுக்கு வருவதில் ஒன்றரை நாள் போய்விடும். சுவிட்சர்லாந்து தனிப் பயணமாகப் போக வேண்டிய நாடு. விமானமும் பாரீஸில் இறங்கி ரோமில் ஏறுவதாகப் பாருங்கள். விலை கொஞ்சம் கூடினாலும், ரோமிலிருந்து பாரீஸுக்குத் திரும்பும் செலவும் அலைச்சலும் மிச்சம். பாரீஸ் 3 இரவு, ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், வியன்னா, வெனிஸ் தலா 2, ரோம் 3. பதினாறும் சரியாக வந்துவிடும்.

இந்தக் கணக்கில் இத்தாலிக்குத்தான் அதிக இரவுகள், மொத்தம் 5. அதிக நாள் தங்கும் நாட்டுக்குத்தான் மனு செய்ய வேண்டும் என்பது ஷெங்கன் விதி. பாரீஸில்தானே இறங்குகிறோம் என்று பலர் பிரான்ஸுக்கு மனு செய்கிறார்கள். உங்கள் மனு இத்தாலிக்குப் போக வேண்டும்.

பாரீஸ்–ஆம்ஸ்டர்டாம் யூரோஸ்டாரில் மூன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆம்ஸ்டர்டாம்–பெர்லின் நேரடி ரயிலில் சுமார் 6 மணி நேரம், பெரிதாகக் காட்சி ஒன்றும் இல்லை. இரண்டிலும் காலை 10, 11 மணிக்கு மேல் கிளம்பினால் போதும். ஜூன் கடைசியில் ஆம்ஸ்டர்டாமில் சூரியன் மறையவே இரவு 10 மணி ஆகும். மாலை 5 மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஊர் சுற்ற வெளிச்சம் மிச்சமிருக்கும்.

பெர்லின்–பிராக் பாதை மட்டும் தூங்கிக்கொண்டே கடக்கக் கூடாதது. டிரெஸ்டன் தாண்டியதும் ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே வளைந்து வளைந்து போகும். மணற்கல் பாறைகள் செங்குத்தாக நிற்கும், கீழே ஆற்றங்கரைக் கிராமங்கள். பிராக் போகும் திசையில் ஆறு இடதுபக்கம் வரும், ரிசர்வ் செய்யும்போது இடதுபக்க ஜன்னலைத் தேடுங்கள். செக் ரயில்வேயின் உணவுப் பெட்டியில் சுடச்சுடச் சாப்பிட்டுக்கொண்டே இதைப் பார்க்கலாம்.

வியன்னா–வெனிஸுக்கு எல்லோரும் இரவு ரயிலைச் சொல்வார்கள். ஒரு ஹோட்டல் இரவு மிச்சம் என்பது உண்மைதான், இருவர் மட்டும் தங்கும் ஸ்லீப்பர் அறையும் கிடைக்கும். ஆனால் நான் பகல் ரயிலைத்தான் சொல்வேன். வியன்னாவிலிருந்து தெற்கே போகும் ரயில் செம்மெரிங் மலைப்பாதையில் ஏறுகிறது. கார்ல் ஃபான் கேகா அமைத்து 1854-இல் திறந்த 41 கிலோமீட்டர் பாதை அது, 1998 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. இரண்டடுக்குக் கல் பாலங்களின் மேல் ரயில் வளையும்போது ஜன்னலிலிருந்து முன்பெட்டிகள் தெரியும். இரவில் போனால் இதெல்லாம் இருட்டு. பயணத்தின் கடைசிச் சில நிமிடங்கள் ரயில் கடற்கழியின் மேல் பாலத்தில் ஓடும். அதற்கு முன்னால் வரும் மெஸ்த்ரே நிலையத்தில் இறங்கிவிடாதீர்கள், அது நிலப்பகுதி. கடைசி நிலையமான சாந்தா லூச்சியாவில் வெளியே வந்தால் படிக்கட்டுக்குக் கீழேயே கிராண்ட் கால்வாயும் படகுத்துறையும். வெனிஸ் பாலங்கள் எல்லாம் படிக்கட்டுதான், அதனால் ஹோட்டல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

ஃப்ளாரன்ஸுக்கு இரவு தங்க வேண்டாம். வெனிஸிலிருந்து ரோம் போகும் வழியில் அது இருக்கிறது. காலையில் இறங்கி, நிலையத்திலேயே பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு, பத்து நிமிடம் நடந்தால் பெரிய தேவாலயம். மாலையில் ஒன்றரை மணி நேரத்தில் ரோம். அந்த நாள் திங்கட்கிழமையாக வராமல் பாருங்கள், உஃபிஸி ஓவியக்கூடம் அன்று விடுமுறை.

அப்புறம் பெட்டி விஷயம். ஆளுக்கு ஒரு சூட்கேஸ், நீங்களே தூக்கி ரயிலில் ஏற்றக்கூடிய எடையில். போர்ட்டரை எதிர்பார்க்க முடியாது. ஜெர்மனி, ஆஸ்திரியா பிளாட்ஃபார்ம்களில் A, B, C என்று பகுதிகள் குறித்திருக்கும். உங்கள் கோச் எந்த எழுத்துக்கு எதிரே நிற்கும் என்று பலகையிலோ ஆப்பிலோ பார்த்து அங்கே போய் நில்லுங்கள், ரயில் சில நிமிடம்தான் நிற்கும். நம் ஊர் போல வெயிட்டிங் லிஸ்ட் கிடையாது. ஜெர்மன் உள்நாட்டு ரயில்களில் பெரும்பாலும் டிக்கெட் வேறு, இருக்கை ரிசர்வேஷன் வேறு. சில யூரோவை மிச்சம் பிடிக்கப் பார்த்தால் கோடையில் நின்றுகொண்டே போக நேரும். நாட்டு எல்லையில் போலீஸ் ஏறிப் பார்ப்பதுண்டு, பாஸ்போர்ட் கைப்பையில் இருக்கட்டும்.

ஜெர்மன் ரயில்கள் நேரத்துக்கு ஓடும் என்ற பழைய எண்ணத்தை நம்பித் திட்டமிடாதீர்கள். 2024-இல் ஜெர்மன் அரசு ரயில் நிறுவனமான டாய்ச்ச பானின் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. பெர்லினில் இறங்கிய அன்று மாலைக்கு எந்த நுழைவுச்சீட்டும் எடுத்து வைக்காதீர்கள். ரயில் மாற வேண்டியிருந்தால் இரண்டையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தாமதத்தால் அடுத்த ரயிலைத் தவறவிட்டால், வேறு ரயிலில் கொண்டுசேர்ப்பது அவர்கள் பொறுப்பு. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 1 மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், 2 மணி நேரத்துக்கு மேல் போனால் 50 சதவீதமும் கேட்டுப் பெறலாம். வெள்ளம், புயல் போன்ற காரணங்களுக்கு இது பொருந்தாது.

கடைசி நாள் ரோம் டெர்மினியிலிருந்து ஃபியூமிச்சினோ விமான நிலையத்துக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் 32 நிமிடத்தில் போகும், முன்பதிவு வேண்டாம். காகித டிக்கெட் வாங்கினால், ஏறுமுன் பிளாட்ஃபார்மில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி முத்திரை குத்திக்கொள்ளுங்கள். முத்திரை இல்லாவிட்டால் அபராதம் போடுவார்கள்.