ஒரே மென்பொருள், கணினிக்கு ஒரு வேகம்: கேள்வி பதில்

ஈரோட்டில் இருந்துகொண்டு சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு, சரக்கிருப்பு மென்பொருள்கள் எழுதித் தருபவன் நான். வந்த கேள்விகளில் வேகச் சோதனை தொடர்பானவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

திருப்பூர், பனியன் கம்பெனிக் கணக்கர்: அண்ணா, எங்கள் ஜாப் ஒர்க் கணக்கு மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸ் தரவுத்தளத்தில் இருக்கிறது. மாத அறிக்கை கட்டிங் பிரிவின் பழைய கணினியில் உடனே வருகிறது. முதலாளியின் புது லேப்டாப்பில் நிமிடக் கணக்கில் சுற்றுகிறது. லேப்டாப்பில் கோளாறா?

தரவுக் கோப்பு எந்தக் கணினியில் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பழைய கணினியிலேயே இருக்க வேண்டும். ஆக்ஸஸ் கோப்பைப் பகிர்ந்து பயன்படுத்தும்போது வினவலை, அதாவது தரவைத் தேடி எடுக்கும் வேலையை, செய்வது அறிக்கை கேட்கும் கணினிதான்; கோப்பு இருக்கும் கணினி வெறுமனே கோப்பின் பக்கங்களை (தரவுத் துண்டுகளை) எடுத்துக் கொடுக்கிறது. 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு அதிகபட்சம் 12.5 மெகாபைட்தான் வரும். ஆகவே, தேடும் புலத்துக்கு இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் பட்டியல்) இல்லாமல் 300 மெகாபைட் அட்டவணை முழுவதையும் இழுக்க நேர்ந்தால், எவ்வளவு விலையுயர்ந்த லேப்டாப்பானாலும் 24 விநாடிக்குக் குறையாது. வைஃபையில் இதைவிட மோசமாகலாம். இணைப்பு நடுவில் அறுந்தால் கோப்பே கெட்டுப்போகவும் கூடும். கோப்பின் நகலை லேப்டாப்பிலேயே வைத்து அதே அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அது விரைவாக வந்தால், குற்றவாளி இணைப்புதான்.

ஈரோடு, மஞ்சள் மண்டி: ஒரே கணினியில் ஐந்து முறை சோதித்தால் ஐந்து விதமான நேரம் வருகிறதுங்க. எதை எழுதிக்கொள்வது?

ஐந்தையும் எழுதுங்கள். 9.4, 3.1, 3.0, 3.2, 6.8 விநாடி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் முறை தரவு வட்டிலிருந்து வருகிறது. அடுத்த முறைகளில் பெரும்பகுதி ஏற்கெனவே நினைவகத்தில் இருப்பதால் நேரம் குறைகிறது. கடைசியில் ஏறியதற்கு, அந்நேரம் வைரஸ் தடுப்பு மென்பொருள் கோப்புகளைத் துழாவத் தொடங்கியது காரணமாக இருக்கலாம். டாஸ்க் மேனேஜரில் அது தெரிந்துவிடும். கணினியை மறுதொடக்கம் செய்தபின் எடுக்கும் முதல் நேரத்தைத் தனியாகவும், மற்றவற்றின் நடுமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை) தனியாகவும் குறித்து, கணினிகளை இந்த இரண்டு வகையிலும் ஒப்பிடுங்கள். சராசரி எடுத்தால் ஒரு தவறான அளவீடே மொத்தத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகி வைத்தே சோதிக்க வேண்டும். பேட்டரியில் ஓடும்போது பல லேப்டாப்கள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பொள்ளாச்சி, நிரலாளர்: எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் 500 வரிகளைச் சேர்க்க என் கணினியில் நேரமே ஆவதில்லை. கொப்பரைக் களத்துக் கணினியில் பல விநாடிகள் ஆகின்றன. அதில் ரேம் கூட்டினால் சரியாகுமா?

ஆகாது. உங்களுடையது எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகம்), களத்தில் உள்ளது சுழலும் வட்டு என்று ஊகிக்கிறேன். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டு ஒருமுறை சுற்ற 8.3 மில்லிவிநாடி ஆகிறது. ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகக் கமிட் (நிரந்தரமாகப் பதிவு) செய்தால், ஒவ்வொன்றும் வட்டில் பதிவாகும்வரை நிரல் காத்திருக்கும்; கமிட்டுக்கு ஒரு சுற்று மட்டும் என்று வைத்தாலே 500 வரிகளுக்கு 4 விநாடி, நடைமுறையில் அதைவிடக் கூடுதல். ஐந்நூறையும் ஒரே பரிவர்த்தனைக்குள் (ஒரே கமிட்டில் முடியும் தொகுப்புக்குள்) வைத்து எழுதுங்கள், அந்தக் காத்திருப்பு ஏறத்தாழ மறைந்துவிடும். இந்தத் தவறை நானும் செய்து, ஒரு வாடிக்கையாளரைப் புது வட்டு வாங்க வைத்திருக்கிறேன்.

கோவை: அப்படியானால் ரேம் எப்போதுதான் உதவும்?

டாஸ்க் மேனேஜரில் நினைவகம் நிரம்பி வழியும்போது. மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் 2022 தரவுப் பக்கங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ள 1410 மெகாபைட்டுக்கு மேல் எடுக்காது என்பதால், அதற்காக மட்டும் 32 ஜிபி போடுவது வீண் செலவு.

கரூர்: சோதனைக்கு எவ்வளவு தரவு வேண்டும்?

இருநூறு வரிகளில் எந்த மென்பொருளும் பறக்கும். மூன்று ஆண்டுப் பில்கள் சேர்ந்தால் கோப்பு எவ்வளவு பெரிதாகுமோ அவ்வளவுக்குப் போலித் தரவை நிரப்பி, அந்த ஒரே கோப்பை எல்லாக் கணினிகளுக்கும் கொண்டு செல்லுங்கள். குடோனில் எடைமேடைக்குப் பக்கத்தில் தூசி படிந்து நிற்கும் கணினியையும் விட்டுவிடாதீர்கள். லாரி வரிசையில் நிற்கும்போது பில் போடப்போவது அதில்தான்.