பல வலைச் செயலிகளை விரைந்து உருவாக்க எந்த ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பு ஏற்றது?

ஒரே ஆள் நான்கைந்து வலைச் செயலிகளை விரைவாக எழுதிப் பராமரிக்க எந்தக் கட்டமைப்பு உதவும் என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரியில் இருந்துகொண்டு நானும் அதே வேலையைத்தான் செய்துவருகிறேன். என் விடை நக்ஸ்ட் (Nuxt).

ஈவான் யூ 2014இல் வெளியிட்ட வியூ (Vue) என்னும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டமைப்பின் மேல் எழுப்பப்பட்டது இது. பக்கங்களுக்குரிய கோப்புறையில் ஒரு கோப்பை வைத்தால் அதன் பெயரே முகவரியாகிவிடும். இதுபோன்ற வசதி நெக்ஸ்ட் (Next.js), ஸ்வெல்ட்கிட் (SvelteKit) என்ற வேறு கட்டமைப்புகளிலும் உண்டு. நான் நக்ஸ்டிலேயே நின்றதற்குக் காரணம், அதன் 'லேயர்' என்னும் அடுக்கு முறை. உள்நுழைவு, தமிழ் எழுத்துரு, தேதி வடிவம், ரசீது அச்சிடுதல் ஆகியவற்றை ஓர் அடித்தள அடுக்கில் ஒருமுறை எழுதிவிட்டு, ஒவ்வொரு செயலியின் அமைப்புக் கோப்பிலும் 'எக்ஸ்டெண்ட்ஸ்' என்ற ஒரே வரியால் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு செயலிக்கு மட்டும் ரசீது வேறுவிதமாக வேண்டுமென்றால், அதே பெயரில் ஒரு கோப்பை அந்தச் செயலிக்குள் வைத்தால் போதும். அடித்தளத்தில் உள்ளதை விட்டுவிட்டு அதையே நக்ஸ்ட் எடுத்துக்கொள்ளும்.

என்னிடம் இப்போது மூன்று செயலிகள் ஓடுகின்றன: ஒரு தங்கும் விடுதியின் முன்பதிவு, மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போகும் கேரட் லோடுகளின் கணக்கு, சிறு விவசாயிகளின் பசுந்தேயிலை எடைக் கணக்கு. விடுதிப் பக்கம் கூகுள் போன்ற தேடலில் அகப்பட வேண்டும் என்பதால் வழங்கியிலேயே (சர்வர்) உருவாகி முழுதாக வந்துசேர்கிறது. தேயிலைச் செயலிக்கு அது பொருந்தாது. எடை போடும் இடத்தில் மழை பிடித்துவிட்டால் சிக்னலும் போய்விடும். ஆகவே அங்கே வழங்கிவழி உருவாக்கத்தை அணைத்துவிட்டு, பக்கத்தை உலாவியின் பின்னணியில் ஓடும் சர்வீஸ் வொர்க்கர் என்ற நிரல் மூலமும், எடைகளை உலாவிக்குள்ளேயே இருக்கும் இண்டெக்ஸ்ட்டிபி (IndexedDB) என்ற தரவுத்தளத்திலும் கைப்பேசிக்குள்ளேயே வைத்து, இணைப்பு திரும்பியதும் அனுப்புகிறேன். இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரே அடித்தளத்தில் அமைவதுதான் இதன் பலம்.

ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. விடுதிக் கட்டணத்தில் பைசா தெரியக் கூடாது என்று, எண்களைக் காட்டும் பொதுச் செயல்கூற்றில் (ஃபங்ஷன்) புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களின் எண்ணிக்கையைச் சுழியமாக்கினேன். மறுநாள் காலை தேயிலைச் சீட்டில் 18.4 கிலோ வெறும் 18 ஆக அச்சாகி வந்தது. சேமித்த எடை சரியாகவே இருந்தது. ஆனாலும் தன் 400 கிராம் எங்கே என்று சீட்டை நீட்டிக் கேட்ட பெரியவரிடம் தரவுத்தளத்தைப் பற்றி என்ன சொல்வது? அன்று மாலையே அடித்தளத்தை, நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கிட் (Git) கருவியில் தனிக் களஞ்சியமாக்கி, ஒவ்வொரு பதிப்புக்கும் எண் இட்டு, செயலிகள் குறிப்பிட்ட எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி மாற்றினேன். இப்போது விடுதிக்காகச் செய்யும் திருத்தம், நானாக எண்ணை உயர்த்தாத வரை, தேயிலைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

முதல் செயலியை எழுதும்போதே அடித்தளத்தைத் தொடங்காதீர்கள். எது பொது என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இரண்டாவதை எழுதுகையில் முதலாவதிலிருந்து எவற்றை நகலெடுக்கிறீர்களோ அவற்றை மட்டும் அடுக்குக்கு மாற்றுங்கள். செயலி ஒன்றுதான் என்றால் அடுக்கே தேவையில்லை.