ஒரே பாட்டைப் பல மொழிகளில் பாடி, எல்லா நாட்டிலும் எப்படி ஜெயித்தார் கிரேக்கப் பாடகி நானா முஸ்கூரி?

எத்தனை மொழி தெரியும் என்பதில் அவருடைய வெற்றி இல்லை. கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம், ஸ்பானிஷ், இத்தாலியன் என்று பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் பாடியவர்தான். ஆனால் எந்த நாட்டுக்கும் மொழிபெயர்ப்பைக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. மெட்டை மட்டும் வைத்துக்கொண்டு பாட்டையே புதிதாக எழுத வைத்தார்கள்.

கிரீட் தீவில் 1934இல் பிறந்து ஏதென்ஸில் வளர்ந்த அவரை வெளியுலகுக்குக் கொண்டுவந்தது 1961இல் வந்த ஒரு ஜெர்மன் பாட்டு. கிரீஸைப் பற்றிய ஜெர்மன் ஆவணப்படத்துக்கு மனோஸ் ஹாட்ஜிடாகிஸ் போட்ட மெட்டு அது. கிரேக்கத்தில் அந்தப் பாட்டின் பெயருக்கு 'நீ மூன்று முறை விசிலடித்தால்' என்று பொருள். ஜெர்மனில் ஹான்ஸ் பிராட்கே எழுதியபோது விசில் போய், 'ஏதென்ஸின் வெள்ளை ரோஜாக்கள்' வந்தன. ஜெர்மனியில் பத்து லட்சம் இசைத்தட்டுகளுக்கு மேல் விற்றது. பிரெஞ்சில் ஊரே மாறி, ரோஜாக்கள் கோர்ஃபு தீவுக்குப் போய்விட்டன! என் கணிப்பில் அது சரியான முடிவு. 'கோர்ஃபூ' உயிர் ஒலியில் முடிகிறது, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். ஏதென்ஸின் பிரெஞ்சுப் பெயரோ 'ன்' என்று முடிகிறது, அங்கே இழுக்க இடமில்லை.

மெட்டுக்கு எழுதும்போது முதலில் பார்க்க வேண்டியது அசை (ஆங்கிலத்தில் சிலபிள்) எண்ணிக்கை. அடுத்தது அழுத்தம் விழும் இடம். பெரும்பாலான தவறுகள் இந்த இரண்டாவதில்தான் நடக்கும். இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் நபுக்கோ ஓபராவில் (இசை நாடகத்தில்) வரும் அடிமைகளின் கோரஸ் மெட்டில், 1981இல் அவர் பாடிய விடுதலைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சில் 'லிபெர்த்தே': மூன்று அசை, அழுத்தம் கடைசியில். ஸ்பானிஷில் 'லிபெர்தாத்' அப்படியே பொருந்தும். ஆங்கில 'லிபர்ட்டி'க்கும் மூன்று அசைதான், ஆனால் அழுத்தம் முதலில். ஜெர்மன் 'ஃப்ரைஹைட்' இரண்டே அசை, அழுத்தமும் முதலில். ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொரு சொல்லை வைத்தால் வரியே நொண்டும். முழு வரியையும் கலைத்துக் கட்ட வேண்டும்.

மூன்றாவது, உச்ச ஸ்வரத்தில் என்ன உயிர் ஒலி வருகிறது என்பது. 'ஆ', 'ஓ' வந்தால் குரல் திறக்கும். 'ஈ' வந்தால் தொண்டை இறுகி, குரல் மெலிந்து கேட்கும். பின்னணி இசையை ஒருமுறை பதிவுசெய்து, அதன்மேல் வேறு மொழிக் குரலை ஏற்றினால் செலவு குறையும். ஆனால் தாளத்தின் வேகம் மாறாது. ஜெர்மனில் மெய்கள் அடுக்கடுக்காக வரும், அவற்றை உச்சரிக்கவே நேரம் பிடிக்கும். மூச்சு எடுக்க இடம் விடாமல் எழுதினால் பாடகர் வரியின் கடைசி அசையை விழுங்கிவிடுவார்.

பாட்டு சரியாக அமைந்தாலும் ஆள் அங்கே போயாக வேண்டும். 1962இல் நியூயார்க்கில் அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸுடன் ஆங்கில ஆல்பம் பதிவு. ஐரோப்பிய நாடுகள் மோதும் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில், 1963இல் லக்ஸம்பர்க் சார்பில் பிரெஞ்சுப் பாட்டு, எட்டாவது இடம்தான். பிரிட்டனில் அவரை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது 1968இல் தொடங்கிய பிபிசி தொலைக்காட்சித் தொடர். அங்கே அவருடைய ஒரு தனிப்பாட்டு விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைத் தொட்டது 1986இல், அதாவது பதினெட்டு ஆண்டுகள் கழித்து. அதுவும் ஒரு தொலைக்காட்சித் தொடரின் பாட்டுதான். பிரெஞ்சிலும் அவரே பாடியிருக்கிறார். மேடைக்காகக் கழற்றச் சொன்னவர்கள் இருந்தும் அவர் விடாத அந்தக் கறுப்புச் சட்டக் கண்ணாடியும் உதவியது: மொழி மாறினாலும் முகம் ஒன்றே.

விடுதலைப் பாட்டின் பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஆங்கிலம், ஜெர்மன் வடிவங்களை இந்த வரிசையில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். பொருளை விட்டுவிட்டு, எங்கே மூச்சு எடுக்கிறார், வரியின் கடைசி அசையை எவ்வளவு நேரம் பிடித்து நிற்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.