ஞானஸ்நானம் எடுக்காம செத்தா இரட்சிப்பு கிடையாதா?
ஞானஸ்நானம் (தண்ணியால குடுக்கிற திருமுழுக்கு) எடுக்காதவங்க பரலோகம் போக முடியாதான்னு கேட்டிருக்கீங்க, பதில் சபைக்கு சபை மாறும். மாற்கு 16:16ல "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான்"னு இருக்கு, ஆனா அடுத்த பாதியில ஆக்கினைக்குப் போறது விசுவாசியாதவன்தான், அங்க தண்ணி பத்தி பேச்சே இல்ல. இயேசு பக்கத்துல சிலுவையில தொங்குன கள்ளனுக்கு அவரே பரதீசு உண்டுன்னு சொன்னாரு, அவன் எந்த ஆத்துல போய் முங்குனான்? அப்போஸ்தலர் 10ல கொர்நேலியுங்கிற ரோம படை அதிகாரி வீட்ல பரிசுத்த ஆவி முதல்ல இறங்கிருது, அப்புறம்தான் இயேசுவோட சீஷர் பேதுரு தண்ணியப் பத்தியே பேசுறாரு. கத்தோலிக்க சபை அவசியம்னுதான் சொல்லுது, ஆனா அதுக்கு ஆயத்தமாகிட்டு இருக்கும்போதே இறந்துட்டா அந்த ஆசையையே ஏத்துக்கும். சிஎஸ்ஐல (தென்னிந்தியத் திருச்சபை) குழந்தை நெத்தியில தண்ணி விடுவாங்க, பெந்தெகொஸ்தேக்குப் போனா அது செல்லாதுன்னு தொட்டியில முழுசா முக்கி எடுப்பாங்க, கல்யாணப் பேச்சு கூட இதுல நின்னு போகும். என்னைக் கேட்டா இரட்சிக்கிறது விசுவாசம், ஞானஸ்நானம் அதுக்கு அப்புறம் வர்ற கீழ்ப்படிதல், ஆனா தள்ளிப்போட கள்ளனை சாக்கு சொல்லாதீங்க, அவனுக்கு இறங்கி வரவே வழி இல்ல.