தோள்வலிக்கு டேப் ஒட்டுவதைத் தொடரலாமா?

அம்மாவுக்கு மூன்று மாதமாக வலது தோளில் வலி, கையைத் தூக்கிக் கொடியில் துணி போட முடியவில்லை, பிசியோதெரபியில் வாராவாரம் கினீசியோ டேப் (தோலில் ஒட்டும், இழுபடும் துணிப் பட்டை) ஒட்டுகிறார்கள், தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தொடரலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 1970களில் ஜப்பானியச் சிகிச்சையாளர் கென்சோ காசே கொண்டுவந்த முறை இது. தோள் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) வலிக்கு இதனால் பலன் உண்டா என்பது உறுதியாகவில்லை என்றுதான் பல மருத்துவ ஆய்வுகளை ஒன்றுசேர்த்து எடைபோட்ட 2021 காக்ரேன் தொகுப்பாய்வு சொல்கிறது. சிலருக்கு ஒட்டிய ஓரிரு நாள் கை இலகுவாக இருக்கும், அந்த நேரத்தில் பயிற்சியைச் செய்ய வைத்துவிடுங்கள், கையை மீட்டுத் தருவது அதுதான். அப்புறம் நம்ம சென்னை வேர்வை! என் அக்காவுக்கு மே மாதத்தில் ஐந்து நாள் அப்படியே விட்டதில் தோல் சிவந்து கொப்பளித்துவிட்டது. அரித்தால் உடனே எடுத்துவிடுங்கள், வெடுக்கென்று இழுக்காமல் தேங்காய் எண்ணெய் தடவி மெதுவாக உரிக்க வேண்டும்.

முக்கியமாக, அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா? சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம். வேறொருவர் தூக்கிவிட்டாலும் கை மேலே போகவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.