மூன்றாம் மக்காரியோஸ் எத்தனை பேர்?

கேள்வி: திருச்சபை வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்து முடித்து, கடைசியில் பெயர் அடைவு தயாரிக்க உட்கார்ந்தேன். மக்காரியோஸ் தலையைச் சுற்ற வைக்கிறார். பாலைவனத்தில் ஒரு துறவி, மாஸ்கோவில் ஒரு பேராயர், சைப்ரஸில் ஒரு ஜனாதிபதி. போதாக்குறைக்கு ‘மூன்றாம் மக்காரியோஸ்’ 17ஆம் நூற்றாண்டிலும் வருகிறார், 20ஆம் நூற்றாண்டிலும் வருகிறார். சைப்ரஸ்காரருக்கு மூஸ்கோஸ் என்று வேறு ஒரு பெயர். யாரை எங்கே வைப்பது?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் அந்த ‘மூன்றாம்’ என்பதை நம்பாதீர்கள், பாதித் தலைவலி அதனால்தான். அந்த எண் ஆளைப் பார்த்துப் போட்டதில்லை, அவர் உட்கார்ந்த ஆசனத்தை, அதாவது சபைத் தலைமைப் பதவியைப் பார்த்துப் போட்டது. அந்தியோக்கியாவுக்கு ஒரு கணக்கு, சைப்ரஸுக்கு ஒரு கணக்கு. அந்தியோக்கியாவில் முதலாம் மக்காரியோஸ் 680–681இல் கான்ஸ்டான்டினோப்பிளில் கூடிய ஆயர்களின் பொதுச் சங்கத்தில், கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் என்று கடைசிவரை பிடிவாதம் பிடித்துப் பதவி இழந்தவர். அதே ஆசனத்தில் மூன்றாமவர் வந்து உட்காரும்போது ஏறக்குறைய ஆயிரம் வருஷம் ஓடிவிட்டது: 1647. அதற்குள் அந்த ஆசனமே டமாஸ்கஸுக்குக் குடிபெயர்ந்திருந்தது, பட்டத்தில் மட்டும் அந்தியோக்கியா. கடனில் தவித்த தன் சபைக்குப் பணம் திரட்ட இவர் மாஸ்கோவரை போனார். இரண்டாம் முறை போனபோது, 1666இல் ரஷ்ய முதுபெரும் தந்தை நிக்கோனைப் பதவியிலிருந்து இறக்கிய சங்கத்திலும் உட்கார்ந்தார். முதல் பயணத்தை அரபியில் எழுதிவைத்த அலெப்போ பவுல் இவருடைய சொந்த மகன். நூலில் ‘மகன்’ என்று பார்த்துவிட்டு ‘சீடன்’ என்று திருத்திவிடாதீர்கள். இவர் மணமான குரு, மனைவி இறந்த பிறகு ஆயரானவர்.

சரி, மூஸ்கோஸ். சைப்ரஸின் மூன்றாம் மக்காரியோஸ் 1913இல் பாஃபோஸ் பக்கத்து மலைக்கிராமத்தில் பிறந்தபோது வைத்த பெயர் மிகாயில், மூஸ்கோஸ் என்பது குடும்பப் பெயர். பதின்மூன்று வயதில் கிக்கோஸ் மடத்தில் சேர்ந்தார், 1938இல் திருத்தொண்டர் ஆனபோது மக்காரியோஸ் ஆனார். மடத்துப் பெயர் வைக்கும்போது முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்வது கீழைச் சபைகளில் பரவலான வழக்கம். சட்டம் என்று சொல்ல முடியாது. மிகாயிலுக்கு மக்காரியோஸ் வாகாக வந்து பொருந்தும். உங்கள் பட்டியலையே பாருங்கள், ரஷ்யாவின் நான்காம் இவான் மன்னனுக்கு 1547இல் முடிசூட்டிய மாஸ்கோ மக்காரியோஸ் முன்பு மிகாயில், 1782இல் வெனிஸில் அச்சான ‘ஃபிலோகாலியா’ என்ற ஆன்மிக எழுத்துகளின் தொகுப்புக்குப் பின்னால் இருந்த கொரிந்து மக்காரியோஸ் முன்பு மிகாயில், ரஷ்யத் திருச்சபை வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய மாஸ்கோ பேராயர் புல்ககோவும் முன்பு மிகாயில்தான். நமக்குப் பக்கத்தில் கேரளத்திலும் பருமலைத் திருமேனி என்கிற ஆயர் கீவர்கீஸாக இருந்து கிரிகோரியோஸ் ஆனவர். ஆனால் அங்கே பழைய பெயரை விட்டுவிடுவதில்லை. கீவர்கீஸ் மார் கிரிகோரியோஸ் என்று இரண்டும் சேர்ந்தே வரும். உங்கள் அடைவில் மூஸ்கோஸை ‘காண்க: மக்காரியோஸ் (சைப்ரஸ்)’ என்று ஒரு வரியில் அனுப்பிவிடுங்கள், போதும்.

பேராயர் எப்படி ஜனாதிபதி ஆனார் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடிக்குறிப்பு போடுவீர்கள் என்பதால் சொல்கிறேன். சைப்ரஸ் பேராயர் செங்கோல் பிடிப்பார், சிவப்பு மையில்தான் கையெழுத்திடுவார். இரண்டும் 5ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஸீனோ கொடுத்த உரிமை என்பது அந்தச் சபையின் மரபு. ஒட்டோமான் ஆட்சியில் கிரேக்க மக்களின் சார்பில் அரசோடு பேசும் ஆளும் அவர்தான். அதனால் 1950இல் 37 வயதில் பேராயரானவரை ஜனங்கள் அரசியல் தலைவராகவும் பார்த்ததில் ஆச்சரியமில்லை. பிரிட்டிஷார் 1956இல் சீஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தினார்கள். 1960இல் சைப்ரஸ் சுதந்திரம் அடைந்தபோது முதல் ஜனாதிபதி அவர். மறு வருஷம் பெல்கிரேடு அணிசேரா மாநாட்டில் நேரு இருந்த அதே அவையில் அங்கியும் கறுப்புத் தலைத்திரையுமாக உட்கார்ந்திருந்தார். ‘குருவுக்கு எதற்கு அரசுப் பதவி’ என்று அவருடைய சொந்த ஆயர்கள் மூவரே 1973இல் அவரைக் குருத்துவத்திலிருந்து நீக்கியதாக அறிவித்தார்கள். அவர் பிற கீழைச் சபைகளையும் அழைத்துப் பெரிய சங்கம் ஒன்றைக் கூட்டி அந்த மூவரையும் நீக்கினார். என்னைக் கேட்டால் மூவரின் கேள்வி தப்பில்லை, கேட்டவர்களின் நோக்கம்தான் சந்தேகத்துக்குரியது. அடுத்த வருஷம் ஜூலை 15இல் ராணுவக் கவிழ்ப்பு, அதிலிருந்து தப்பினார், டிசம்பரில் திரும்பினார், 1977இல் பதவியில் இருக்கும்போதே காலமானார்.

உண்மையான சிக்கல் எகிப்தில் இருக்கிறது. 4ஆம் நூற்றாண்டில் ஒரே சமயத்தில் இரண்டு மக்காரியோஸ். ஒருவர் ஸ்கேட்டிஸ் பாலைவனத்தைத் துறவிகளின் ஊராக்கிய எகிப்தியர். தன் குடிசையில் ஒருவன் திருடிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, யாரோ வழிப்போக்கன் மாதிரி போய், மூட்டையை ஏற்றக் கைகொடுத்து வழியனுப்பினாராம். மற்றவர் அலெக்சாந்திரியாக்காரர். இருவரையும் ஒரே நேரத்தில் நைல் நதித் தீவு ஒன்றுக்கு நாடுகடத்தியதால், பழைய ஆசிரியர்களே ஒருவர் கதையை மற்றவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதனால் கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆளை முடிவு செய்யாதீர்கள், உங்கள் மூலநூல் ‘எகிப்தியர்’ என்கிறதா ‘அலெக்சாந்திரியர்’ என்கிறதா என்று பாருங்கள். வெறும் மக்காரியோஸ் என்று இருந்தால் அடைவிலும் அப்படியே தனியாக வையுங்கள்.

எழுத்துக்கூட்டல் ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். ரஷ்யர்கள் மக்காரி என்பார்கள், எகிப்தில் இன்றும் இயங்கும் மடத்துக்கு அபு மகார் என்று பெயர். எல்லாவற்றையும் மக்காரியோஸ் என்று வைத்து, அடைப்புக்குள் ஊரும் நூற்றாண்டும் கொடுங்கள். அப்புறம் ‘ஐம்பது ஆன்மிக மறையுரைகள்’ என்று ஒரு நூல் வரும். அதை எகிப்தியருக்குக் கீழே போட்டுவிடாதீர்கள். எழுதியவர் சிரியா பக்கத்து ஆள் என்றுதான் ஆய்வாளர்கள் இப்போது கருதுகிறார்கள், ஆகவே ‘மக்காரியோஸ் பெயரில் வழங்குபவை’ என்று தனிப் பதிவாகப் போடுங்கள்.