துருவில் இறுகிய ஸ்போக்குகள்: கேள்வி பதில்

பழைய டர்ட் பைக்குகளின் சக்கரங்களைப் பிரித்துக் கட்டுவதும் கோணலை நிமிர்த்திக் கோட்டம் எடுப்பதும் என் வேலை. ஸ்போக் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பையும் வெளி வளையமான ரிம்மையும் இணைக்கும் கம்பிதான் ஸ்போக். ரிம் பக்கத்தில் அதன் முனையில் திருகி இறுக்கும் சிறு நட் நிப்பிள், அதைத் திருப்பும் கருவி ஸ்போக் சாவி.

தூத்துக்குடி வாசகர்: ஐயா, என் 2012 ஹீரோ இம்பல்ஸ் பைக் மூன்று ஆண்டுகள் முற்றத்திலேயே நின்றுவிட்டது. இப்போது ஒரு நிப்பிள்கூட அசையவில்லை. சாவி போட்டுத் திருப்பினால் நிப்பிளின் சதுரம் மழுங்குகிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் சாவியைக் கீழே வையுங்கள். சதுரம் மழுங்காத நிப்பிளைக் காப்பாற்றிவிடலாம். மழுங்கியதைப் பெரும்பாலும் வெட்டித்தான் எடுக்க வேண்டும். உப்புக் காற்றில் ஸ்போக்கின் துத்தநாகப் பூச்சு போனபின் உள்ளிருக்கும் இரும்பு துருவாகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால், மரைகளுக்கு இடையில் ஆப்பு அடித்ததுபோல் இறுகிக்கொள்கிறது. இதைக் கை பலத்தால் வெல்ல முடியாது, எண்ணெயும் பொறுமையும்தான் வேண்டும்.

ஸ்போக் நிப்பிளுக்குள் நுழையும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மரை தெரியும் அளவுக்குச் சுத்தம் செய்யுங்கள். பிறகு எண்ணெய் விடப்போகும் ஸ்போக் அச்சுக்கு நேர் கீழே வரும்படி சக்கரத்தை நிறுத்துங்கள். அந்த நிலையில் விடும் சொட்டு கம்பி வழியே இறங்கி நிப்பிளின் வாய்க்குள் தானாகப் போகும். அதே ஸ்போக் மேலே இருந்தால் எண்ணெய் முழுவதும் ஹப்பை நோக்கி ஓடிவிடும். துருவுக்குள் ஊடுருவும் எண்ணெயைக் காலை, மாலை ஒவ்வொரு சொட்டாக மூன்று நாள் விடுங்கள். ஒவ்வொரு முறையும் நிப்பிளின் பக்கவாட்டில் பித்தளைத் துண்டை வைத்துச் சிறு சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டினால் துருவில் விரிசல் விழுந்து எண்ணெய்க்கு வழி கிடைக்கும்.

நான்காம் நாள், அளவு சரியாகப் பொருந்தும் ஸ்போக் சாவியால், ஒரே திசையில் முறுக்காமல், இருபுறமும் நூலளவு அசைத்துப் பாருங்கள். அதற்குமுன் ஸ்போக்கின் நடுவில் சிறு காகித டேப்பைக் கொடிபோல் ஒட்டிவிடுங்கள். நீங்கள் திருப்பும்போது கொடியும் சேர்ந்து திரும்பினால், நிப்பிள் நகரவில்லை, கம்பிதான் முறுகுகிறது என்று பொருள். உடனே நிறுத்திவிட்டு மறுபடி எண்ணெய்க்குப் போங்கள்.

உங்கள் வண்டியில் முன்னால் டிஸ்க் பிரேக்கும் பின்னால் டிரம் பிரேக்கும் இருக்கின்றன. இரண்டிலும் எண்ணெய் படக்கூடாது. டிஸ்க்கைப் பாலித்தீன் பையால் மூடிக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ஜொகூர் வாசகர்: என்னிடம் பழைய யமஹா டிடி 125 ஸ்கிராம்ப்ளர் பைக் இருக்கிறது. ரிம் அலுமினியம். நிப்பிளைச் சூடு காட்டி எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் டயர், டியூப், டியூபுக்கும் நிப்பிள்களுக்கும் நடுவே இருக்கும் ரிம் நாடா மூன்றையும் கழற்றி, எண்ணெயை முற்றிலும் துடைத்த பிறகுதான். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் தீயைக் காட்டவே கூடாது, சூட்டில் அது நச்சு வாயுவாக மாறும். சிறு சுடரை நிப்பிளின் மேல் மட்டும் சில விநாடிகள் காட்டுங்கள். இரும்பு சூடேறும்போது சிவந்து நம்மை எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலேயே பலத்தை இழந்துவிடும் என்பதால் ரிம்மின் மேல் சுடரை நிறுத்தாதீர்கள். நிப்பிள் சூடாக இருக்கும்போதே மெழுகுவத்தியை அதன் வாயில் வைத்துத் தொட்டால் மெழுகு உருகி மரைக்குள் இழுக்கப்படுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு சாவியைப் போடுங்கள்.

சேலம் வாசகர்: டபிள்யூ டி 40 அடித்து அரை மணி நேரம் வைத்தேன், அசையவில்லை.

பதில்: 1953இல் ஈரத்தை விலக்குவதற்காக உருவாக்கிய கலவை அது. இறுகிய மரைக்கு அதைவிட நன்றாக ஊடுருவும் எண்ணெய்கள் இருக்கின்றன. எதை விட்டாலும் அரை மணி போதாது.

திருச்சி வாசகர்: பாதி ஸ்போக்குகள் அசையவே இல்லை. மொத்தமாக வெட்டிவிடலாமா?

பதில்: ஐந்தாறுக்கு மேல் அசையாமல் நின்றால் மொத்தமாக மாற்றுவதே நல்லது. வெட்டுவதற்கு முன் ஸ்போக்குகள் குறுக்கே போகும் விதத்தைப் படமெடுத்து, ஹப்பின் விளிம்பிலிருந்து ரிம்மின் விளிம்பு எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து எழுதிவையுங்கள். பின்சக்கரத்தில் செயின் பக்கமும் மறுபக்கமும் ஒன்றாக இருக்காது. டயரையும் டியூபையும் கழற்றிவிட்டு, அசையும் நிப்பிள்களை எல்லாம் சுற்றிச் சுற்றிக் கால் திருப்பாகத் தளர்த்துங்கள். மிச்சத்தை எதிரெதிராக வெட்டுங்கள். ஒரே பக்கமாக வெட்டிக்கொண்டே போனால் மீதியுள்ளவை ரிம்மை இழுத்துக் கோணலாக்கிவிடும். இறுக்கத்தில் இருக்கும் கம்பி வெட்டியதும் தெறிக்கும், கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள்.

கோவை மெக்கானிக் ஒருவர்: புது ஸ்போக் கட்டும்போது மரையில் கிரீஸ் போடச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் நிப்பிள் தானாகக் கழன்றுவிடும். நான் எப்போதும் உலர்வாகத்தான் கட்டுகிறேன்.

பதில்: இந்தப் பழக்கத்தால்தான் இவ்வளவு சக்கரங்கள் இறுகிப்போய் என்னிடம் வருகின்றன என்பதால் விரிவாகச் சொல்கிறேன். நிப்பிளை நிறுத்திவைப்பது மரையின் சொரசொரப்பு அல்ல, கம்பியின் இழுவிசை. சக்கரம் சுமையோடு உருளும்போது தரையை ஒட்டி அச்சுக்குக் கீழே வரும் ஸ்போக்குகளின் இழுவிசை குறைகிறது. ஒழுங்காக இறுக்கிய சக்கரத்தில் அப்போதும் மிச்சம் இருக்கும். தொய்வாகக் கட்டியதில் அது இல்லாமலே போய், அந்தக் கணங்களில்தான் நிப்பிள் கழல்கிறது.

அதே மெக்கானிக்: சாலை வண்டிக்குச் சரி. மண்ணில் குதிக்கும் வண்டிக்கு இது பொருந்துமா? நான் முறுக்கு விசையைக் காட்டும் டார்க் ஸ்பானரால் அளந்தே இறுக்குகிறேன்.

பதில்: மண்ணில் குதிக்கும் வண்டிக்குத்தான் இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். பல கையேடுகளில் ஸ்போக்குக்கு 3 முதல் 4 நியூட்டன் மீட்டர் வரை கொடுத்திருப்பார்கள். உலர்ந்த அல்லது துருப்பிடித்த மரையில் அந்த முறுக்கின் பெரும்பகுதி உராய்வுக்கே போய்விடுவதால், ஸ்பானர் 'டிக்' என்று சொன்ன பிறகும் கம்பி தொய்வாகவே நிற்கும். அளந்து இறுக்கிய சக்கரத்தைச் சாவியால் ஒரு சுற்றுத் தட்டிப் பாருங்கள்: இறுகிய கம்பி 'ணங்' என்று ஒலிக்கும், தொய்ந்தது 'டொக்' என்னும். மரைக்கு இறுகிப்போகாமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை ஒரு துளி வைத்துக் கட்டினால் ஒரே முறுக்குக்கு எல்லாக் கம்பிகளும் ஏறக்குறைய ஒரே சுருதிக்கு வரும். எவர்சில்வர் ஸ்போக்கும் எவர்சில்வர் நிப்பிளும் சேர்ந்தால் உலர்வாக இறுக்கும்போதே ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், அங்கே பசை கட்டாயம். முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு முறை இறுக்கத்தைச் சரிபாருங்கள். ஒரே ஒரு சக்கரத்தை இப்படிக் கட்டி ஓட்டிப் பார்க்கும்படி உங்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

மதுரை வாசகர்: ஸ்பிரே அடித்தும் நிப்பிள் அசையவில்லை. பிளையர் போடலாமா?

பதில்: கூடாது. தூத்துக்குடி வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஈரோடு வாசகர்: கட்டிங் பிளையரால் திருப்பினால் சதுரம் போய்விடுமா?

பதில்: போய்விடும். பிளையர் வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டேன்.

வேலூர் வாசகர்: அலாய் சக்கரம் நெளிந்துவிட்டது.

பதில்: அது என் துறை அல்ல. அலாய் சக்கரம் மட்டும் பார்க்கும் கடையில் காட்டுங்கள்.

தூத்துக்குடி வாசகர்: ஐயா, நீங்கள் சொன்னபடி நான்கு நாள் செய்தேன். முன்சக்கரத்தில் இரண்டைத் தவிர எல்லாம் அசைந்துவிட்டன. அந்த இரண்டை அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: மிக்க மகிழ்ச்சி. ஆனால் அந்த இரண்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். அசையாத இரண்டுக்கு ஏற்ப மற்றவற்றைச் சரிக்கட்டினால் ரிம் ஒருபோதும் நேராகாது. டயரைக் கழற்றி, அவற்றைச் சுற்றியுள்ள கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திய பின் வெட்டி, அதே நீளத்தில், தலைப்பக்க வளைவும் அதேபோல் உள்ள புதுக் கம்பிகளைப் போடுங்கள். நிப்பிளுக்கு மேலே மரை நீட்டிக்கொண்டிருந்தால் டியூபைக் குத்தாதபடி அரத்தால் தேய்த்துவிடுங்கள். பிறகு கோட்டம் பாருங்கள்: பக்கவாட்டிலும் மேல் கீழாகவும் 2 மில்லிமீட்டருக்குள் வந்துவிட்டால் ரிம் நாடாவைப் புதிதாகப் போட்டு டயரை ஏற்றலாம்.